நடு இருக்கையும் தவறிய இணைப்பு விமானமும்

வடநாட்டில் நடக்கும் கூட்டங்களுக்கு அழைப்பு வரும்போது, கடிதத்தின் கடைசியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறோம், வந்து சேர்ந்துவிடுங்கள்." அன்பாகச் சொல்லப்படும் வரிதான். ஆனால் அந்த 'வந்து சேர்ந்துவிடுங்கள்' என்பதற்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பது, அப்பா அம்மாவோடு சின்ன வயதிலேயே விமானம் ஏறிப் பழகியவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நம் ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கிளம்புகிறவர்களுக்கு அந்த வேலைதான் பயணம் முழுக்க.

இருக்கை எப்படி ஒதுக்குகிறார்கள், இணைப்பு விமானம் தவறினால் யார் பொறுப்பு, எந்தக் கவுன்ட்டரில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் சமூகநீதி எழுத்தில் வருகிற விஷயமா என்று சில தோழர்கள் நினைக்கலாம். எங்கள் அனுபவத்தில் அது நேராகப் பேச்சுரிமையைத் தொடுகிற விஷயம். பேச வேண்டியவர் மேடைக்கு வந்து சேரவில்லையென்றால், அந்த மேடையில் அவரைப் பற்றி வேறு யாரோ பேசுவார்கள்.

கடந்த பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேர் சண்டிகருக்குப் போனோம். களப்பணியாளர்கள் இருவர், திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஞ்சமி நிலத்துக்காகப் பல ஆண்டுகளாக மனுப் போட்டுவரும் பெரியம்மா ஒருவர், அதே ஊரில் கூலி விவசாயியாக இருக்கும் அண்ணன் ஒருவர், சட்டம் படிக்கும் தங்கை ஒருத்தி. பெரியம்மாவும் அண்ணனும் அதுவரை விமானம் ஏறியதில்லை.

போன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். அவற்றில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. அவற்றை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் காரணையில் போராட்டம் எழுந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டார்கள். பஞ்சாபிலோ ஊராட்சிப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பங்கை வாங்குவதற்காகச் சங்ரூர் பக்கத்துப் பெண்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டிலேயே அதிக விகிதம் அங்குதான். அந்தப் பெண்களும் நம் பெரியம்மாவும் ஒரே மேடையில் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் மாலை நான்கு மணிக்கு அவருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"ரயிலில் போகக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள். அங்கிருந்து சண்டிகர் இன்னும் அரை நாள். போக இரண்டு, வர இரண்டு என்று நாலு நாள் கூலி போனால் பெரியம்மா வீட்டில் அடுப்பு எரியாது. இதை ஊரில் சொல்லிப் புரியவைக்க முடியாது. "ஓஹோ, ஏரோப்ளேன்ல போற அளவுக்கு வந்துட்டீங்களா?" என்று டீக்கடையில் ஊர்த்தெருக்காரர் ஒருவர் கேட்டார். பெரியம்மா அசரவில்லை. "ஆமா, நெலம் எங்கிட்ட இல்ல, அதான் ஆகாசத்துல போறேன்" என்றார்.

இருக்கை யாருக்கு எப்படிக் கிடைக்கிறது

அழைத்த அமைப்பின் அலுவலகம், எது மலிவோ அதைப் போட்டுத்தந்தது. சென்னை–டெல்லிக்கு ஒரு நிறுவனம், டெல்லி–சண்டிகருக்கு வேறொரு நிறுவனம்; இரண்டும் தனித்தனி டிக்கெட், தனித்தனி பி.என்.ஆர். இருக்கைக்குப் பணம் கட்டவில்லை.

உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஒரு வரிசைக்கு ஆறு இருக்கைகள், ஏ முதல் எஃப் வரை. ஏ, எஃப் ஜன்னல்; சி, டி நடைபாதை; பி, ஈ நடு இருக்கை. முன்வரிசையும் கால் நீட்ட இடமுள்ள வரிசையும் விலை கூடுதல். ஜன்னலும் நடைபாதையும் பெரும்பாலும் காசு. இரண்டு நாள் முன்பு வெப் செக்-இன் திறந்ததும் உட்கார்ந்து பார்த்தோம். இலவசமாகக் காட்டியவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த நடு இருக்கைகள் மட்டும். எங்களுக்கு வாய்த்தவை: 14பி, 19ஈ, 22பி, 24ஈ, 27ஈ. ஐந்து பேரும் ஐந்து வரிசையில், ஐந்து நடு இருக்கையில்.

இதில் சாதி எங்கே இருக்கிறது? இருக்கையை ஒதுக்கும் கணினிக்கு நம் சாதி தெரியாது. அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் ஒதுக்குகிற விதி ஒன்று இருக்கிறது: பணம் கட்டியவர் தான் விரும்பியவரோடு உட்காரலாம், கட்டாதவர் மிச்சம் இருப்பதில் உட்கார வேண்டும். ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். ஐந்து பேருக்குக் கூட்டினால் பெரியம்மாவின் நான்கைந்து நாள் கூலி. நிலமில்லாதவர் யார், கூலிக்காரர் யார் என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட நாட்டில், 'காசு மட்டுமே பார்க்கிறோம்' என்கிற விதி யாரை எங்கே உட்காரவைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் கேட்டால் கொஞ்சம் நகர்கிறது என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் செக்-இன் கவுன்ட்டருக்குச் சீக்கிரமே போய், "இவங்க ரெண்டு பேரும் முதல் தடவை வர்றாங்க, தமிழ் தவிர வேற பாஷை தெரியாது, பக்கத்துல ஒருத்தராவது வேணும்" என்று சொன்னோம். கவுன்ட்டரில் இருந்த பெண் கொஞ்ச நேரம் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனை எங்களில் ஒருவர் பக்கத்துக்கு மாற்றித் தந்தார். பெரியம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் 22பியிலேயே இருந்தார். விமான நிலையக் கவுன்ட்டரில் சில இருக்கைகளைக் கடைசிவரை கையில் வைத்திருப்பார்கள். முன்கூட்டியே போய்க் கேட்பவருக்கு அவை போகும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, ஒரே பி.என்.ஆரில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. மொழி தெரியாமல் முதல் முறை வருகிற முதியவருக்கு அப்படி ஓர் உத்தரவு இல்லை. கேட்பதுதான் ஒரே வழி.

உள்ளே போன பிறகு, 22சியில் இருந்தவரிடம், "சார், நடைபாதை இருக்கை வேணாம், நீங்க 14பிக்கு மாறிக்கிட்டா நாங்க இவங்க பக்கத்துல இருப்போம்" என்று கேட்டோம். மாட்டேன் என்றார். காசு கொடுத்து வாங்கிய நடைபாதை இருக்கையை விட்டு நடு இருக்கைக்கு யார்தான் வருவார்கள்? அவர் மறுத்தது காசுக்காகவா, பெரியம்மாவின் புடவையையும் மஞ்சள் பையையும் பார்த்தா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. பழைய தீண்டாமை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். இங்கே சொல்லப்படுவது 'சாரி' மட்டும்தான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பயணம் முழுக்க மனசுக்குள் நோண்டிக்கொண்டிருக்கும் வேலை நமக்கு வந்துவிடுகிறது. இளையவர்களுக்கு எங்கள் யோசனை: அந்த வேலையை அங்கேயே இறக்கி வையுங்கள். இருக்கை மாறக் கேட்பதென்றால், நடு இருக்கைக்கு நடு இருக்கை, நடைபாதைக்கு நடைபாதை என்று ஈடாகக் கேளுங்கள். எல்லோரும் ஏறி முடித்த பிறகு பணியாளர் மூலமாகக் கேளுங்கள். காலி இடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கிளம்புகிற நேரத்தில் பெரியம்மா பக்கம் சத்தம். அவர் மடியில் வைத்திருந்த மஞ்சள் பையில் நிலத்தின் பழைய பதிவேட்டு நகல்கள், மனுக்கள், ரசீதுகள் எல்லாம் இருந்தன. பையைக் கீழே வைக்கச் சொல்லிப் பணிப்பெண் இந்தியில் சொல்ல, பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துப் பெரியம்மா இறுக்கிப் பிடித்திருக்கிறார். பதினான்காம் வரிசையிலிருந்து எழுந்து நின்று தமிழில் சொன்னோம்: "பெரியம்மா, புடுங்க மாட்டாங்க. முன் சீட்டுக்கு அடியில வைக்கச் சொல்றாங்க, அவ்வளவுதான்." பையைக் கீழே வைத்து, அதன் வாரைக் காலில் மாட்டிக்கொண்டார். சுற்றியிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். எத்தனை தாசில்தார்கள் அந்தக் காகிதங்களைத் 'தொலைத்திருக்கிறார்கள்' என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது.

முழுப்பெயர் என்ன?

27ஈயில் உட்கார்ந்த தங்கைக்கு வேறு மாதிரி. பக்கத்து இருக்கைக்காரர் நல்லபடியாகத்தான் பேச்சைத் தொடங்கியிருக்கிறார். என்ன படிக்கிறாய், எந்தக் கல்லூரி, பெயர் என்ன. பெயரைச் சொன்னதும், "முழுப்பெயர்?" அப்பா பெயரைச் சேர்த்துச் சொன்னாள். "அது அப்பா பெயர். குடும்பப் பெயர்?" இல்லை என்றாள். "குடும்பப் பெயர் இல்லாமல் எப்படி இருக்கும்?" அப்புறம் சட்டக் கல்லூரியில் இடம் எப்படிக் கிடைத்தது, 'கோட்டா'வா என்று. நடு இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, இரண்டே முக்கால் மணி நேரம். எழுந்து போக வேறு பெஞ்சு கிடையாது. நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதனால்தான் தமிழ்நாட்டில் பெயரின் வாலில் சாதி தொங்குவது பெரும்பாலும் மறைந்தது. ஆனால் விமான டிக்கெட் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்கிற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. பெரியம்மாவின் டிக்கெட்டில் அவர் பெயரையே இரண்டு முறை அடித்திருந்தார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டில் பலர் பதறியதும் இதனால்தான். பாஸ்போர்ட் எடுக்கப் போகும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள்: அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள், ஆதாரிலும் டிக்கெட்டிலும் எழுத்து மாறாமல் அதே பெயர் இருக்கட்டும். யாராவது 'முழுப்பெயர்' கேட்டால், சொன்னதுதான் முழுப்பெயர். தங்கை கடைசியில் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாளாம்.

கணக்கில் இருந்த இடைவெளி, கையில் இருந்த இடைவெளி

இனி இணைப்பு விமானத்துக்கு வருவோம். அட்டவணைப்படி காலை 6:00க்குச் சென்னையில் கிளம்பி 8:55க்கு டெல்லி முதல் டெர்மினலில் இறங்க வேண்டும். சண்டிகர் விமானம் 11:10க்கு மூன்றாம் டெர்மினலில். நடுவில் இரண்டேகால் மணி நேரம். டிக்கெட் போட்டவர் கண்ணுக்கு அது தாராளம்.

டெல்லி விமான நிலையம் நாட்டிலேயே அதிகக் கூட்டமுள்ளது. ஆண்டுக்கு ஏழு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள். முதல் டெர்மினல் ஒரு பக்கம், மூன்றாம் டெர்மினல் வேறொரு பக்கம். நடுவில் சில கிலோமீட்டர் சாலை. நடந்து போக முடியாது, பேருந்திலோ டாக்சியிலோதான் போக வேண்டும். இரண்டுக்கும் மெட்ரோ நிலையம் இருக்கிறது, ஆனால் இரண்டும் வெவ்வேறு வழித்தடத்தில்.

இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விமானம் கிளம்பும் நேரத்தை விட்டுவிடுங்கள். கவுன்ட்டர் மூடும் நேரம்தான் நம் நேரம். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அப்படியானால் நம் கெடு 10:10. 8:55க்கு இறங்கினால், கதவு திறந்து 27ஆம் வரிசை வெளியே வர 9:10. எங்களிடம் பெட்டி ஒன்று இருந்தது: பஞ்சமி நிலம் பற்றிய சிறு நூலின் இந்திப் பிரதிகள், கைப்பைக்கு அனுமதிக்கும் ஏழு கிலோவைத் தாண்டியதால் சரக்கில் போட்டது. அது பெல்ட்டில் வர 9:30. பேருந்து பிடித்து மூன்றாம் டெர்மினல் சேர 9:55. ஆக எல்லாம் சரியாக நடந்தாலும் கையில் இருந்தது கால் மணி நேரம். இரண்டேகால் மணி நேரம் என்று டிக்கெட்டில் தெரிந்தது உண்மையில் கால் மணி நேரம்தான்.

சரக்கில் பெட்டி போடாமல் வெப் செக்-இன் மட்டும் செய்திருந்தால் கெடு வேறு. அப்போது கேட் மூடும் நேரம்தான் கணக்கு. அது கிளம்புவதற்கு 20, 25 நிமிடம் முன்பு. பெல்ட்டில் நிற்கும் நேரமும் மிச்சம். ஒரே ஒரு பெட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

எங்கள் விமானம் சென்னையிலேயே 1 மணி 10 நிமிடம் தாமதம். உள்ளே வர வேண்டிய விமானம் வரவில்லை என்று அறிவித்தார்கள். 10:05க்கு டெல்லியில் இறங்கினோம். ஓடினோம். மூன்றாம் டெர்மினலில் கவுன்ட்டர் முன்னால் நின்றபோது மணி 11:05.

"நோ-ஷோ" என்றார் கவுன்ட்டர்க்காரர். அதாவது நாங்கள் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் நிற்கிற ஐந்து பேரைப் பார்த்துச் சொன்னார். முதல் விமானம் தாமதம் என்றோம். "அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட்" என்றார். இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆரில் இருந்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அந்த நிறுவனத்தின் பொறுப்பாக இருந்திருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் நடக்கும் எல்லாமே பயணியின் பாடு. புதிதாக ஐந்து டிக்கெட் வாங்க, அன்றைய விலையில், எங்களிடம் பணம் இல்லை.

தாமதத்துக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணத்தில் இரண்டு மணி நேரமும், இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையான பயணத்தில் மூன்று மணி நேரமும் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். சென்னை–டெல்லி இரண்டாவது வகை. எங்கள் தாமதம் 70 நிமிடம். விதியின் கண்ணில் அது தாமதமே இல்லை. ஒருவரின் நாளே கவிழ்ந்துபோக 70 நிமிடம் போதும், ஆனால் ஒரு டீ கேட்கக்கூட அது போதாது. கடிகாரத்தை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

ஆனால் ஒன்றை நாங்கள் விடவில்லை. பயன்படுத்தாத டிக்கெட்டாக இருந்தாலும், 'நோ-ஷோ'வாகவே இருந்தாலும், அதில் வசூலித்த அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்காதவருக்குத் தேடிவந்து தருவதில்லை. மின்னஞ்சல் போட்டோம், பதில் இல்லை, ஒன்றிய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போட்டோம், பணம் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் தங்கை அந்தப் புகாரைத் தானே எழுதினாள். அவள் எழுதிய முதல் சட்ட ஆவணம் அதுதான்.

நாற்பது நிமிடம் பத்து நிமிடமானது

மெட்ரோ பிடித்துக் காஷ்மீரி கேட் போய், அங்கிருந்து சண்டிகருக்கு அரசுப் பேருந்து. பானிப்பட், அம்பாலா என்று பெரிய சாலை வழியாகப் போகிற பேருந்து. ஐந்து பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "இந்த பஸ்ஸு தேவலாம். தவறிப்போனா அடுத்த பஸ்ஸு, அதே காசு" என்றார் பெரியம்மா. போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவருடைய நாலு மணி அமர்வு முடிந்துபோயிருந்தது. பஞ்சமி நிலத்தைப் பற்றி, டெல்லிப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்பவர் அவருக்குப் பதிலாகப் பேசியிருந்தார். நன்றாகவே பேசினாராம்.

மறுநாள் காலை, வேறொரு அமர்வின் நடுவில் பெரியம்மாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் பரப்புவதற்கே நான்கு நிமிடம் ஆனது. தங்கை மொழிபெயர்த்தாள். மூன்றாவது ரசீதில் இருந்தபோது மணி அடித்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பஞ்சாபிப் பெண்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்து மீதிக் காகிதங்களையும் பார்த்தார்கள். அது நல்ல நேரம்தான். ஆனால் பதிவுக் கருவி அப்போது ஓடவில்லை. கூட்டத்தின் அறிக்கையில் ஆய்வாளரின் பேச்சு நான்கு பக்கம், பெரியம்மா பேசியது ஒரே ஒரு வரி. எழுபது நிமிடத் தாமதத்தின் விலை இதுதான்.

மசூர் ரயில் நிலையம்

பாபாசாகேப் அம்பேத்கர் தம் வாழ்க்கை நிகழ்வுகளை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் முதலில் வருவது ஒரு பயணம். 1901. ஏறத்தாழ ஒன்பது வயது. அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பா வேலை பார்க்கும் கோரேகாவுக்குக் கிளம்புகிறார். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. கடிதம் அப்பா கைக்குப் போய்ச் சேரவில்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகை கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்துவர, இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போகிறார்கள்.

எங்கள் சண்டிகர்ப் பயணத்தை அதோடு ஒன்றாக வைத்தால், அந்தப் பிள்ளைகளின் தாகத்துக்கு அநியாயம் செய்தவர்களாவோம். எங்களை யாரும் ஏற்ற மறுக்கவில்லை. தண்ணீர் கேட்டால் கொடுத்தார்கள். போராடிப் பெற்ற சட்டத்தால் வந்த மாற்றம் அது. நாங்கள் அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: பயணத்தின் முதல் பாதியை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கிவிடலாம், ரயில் அந்தப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தது. இறங்கிய இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை உள்ள துண்டில்தான், யாருக்கு ஆள் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது தெரியும்.

சமூகவியல் வகுப்பில் பூர்தியூவின் 'பண்பாட்டு மூலதனம்' படித்திருப்பீர்கள். வீட்டில் பேச்சோடு பேச்சாகக் கைமாறும் அறிவு அது. 'கேட் மாறிவிட்டதா என்று திரையைப் பார்', 'ஒரே டிக்கெட்டாகப் போடு', 'அந்த வரியைத் திருப்பிக் கேள்' என்று அப்பாவோ மாமாவோ சொல்லிக்கொடுத்து வளர்ந்தவருக்கு, அது அறிவு என்றே தோன்றாது. பொது அறிவு என்பார். நம் வீடுகளில் அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் இயக்கம்தான் அந்த மாமாவின் வேலையைச் செய்ய வேண்டும்.

கிளம்புகிறவர்களுக்கும் அழைப்பவர்களுக்கும்

கிளம்புகிற தோழர்களே, முடிந்தவரை பெட்டியைச் சரக்கில் போடாதீர்கள். ஆவணங்களை எப்போதும் கையில் வையுங்கள், போனில் ஒரு படப்பிரதியும் இருக்கட்டும். இடைவெளியைக் கவுன்ட்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். டெர்மினல் எது என்பதை முந்தைய நாள் மறுபடி பாருங்கள், மாறும். வெப் செக்-இன் முடியாதவர் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லியிருக்கிறது, நினைவில் வையுங்கள். தாமதம் என்று தெரிந்ததும், உள்ளேயே பணியாளரிடம் இணைப்பு விமானம் இருப்பதைச் சொல்லி, முன்வாசல் பக்கம் இறங்க உதவி கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே பதிவுசெய்யுங்கள். தவறிவிட்டால், அடுத்த பேருந்தும் ரயிலும் எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

அழைக்கிற அமைப்புகளுக்கு, தோழமையோடும் கொஞ்சம் கண்டிப்போடும் சொல்கிறோம். முழுப் பயணத்துக்கும் ஒரே பி.என்.ஆர் போடுங்கள். டெர்மினல் மாற வேண்டியிருந்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். அதைவிட நல்லது, முந்தைய நாளே வரவழைப்பது. முதல் முறை வருபவருக்கும் கூட வருபவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கான சில நூறு ரூபாயை வரவுசெலவில் எழுதுங்கள். மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரின் விலையைவிடக் குறைவு. பாதிக்கப்பட்டவரின் அமர்வை முதல் நாளில் வைக்காதீர்கள். அவர் தாமதமாக வந்தால், அவருக்குப் பதில் பேச ஆள் தேடாமல், அமர்வைத் தள்ளிவையுங்கள்.

பெரியம்மாவுக்கு அடுத்த அழைப்பு போபாலிலிருந்து வந்திருக்கிறது. இந்த முறை பதில் கடிதத்தை நாங்கள் தங்கையிடம் எழுதச் சொன்னோம். மேலே சொன்ன எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதி, கீழே பெரியம்மாவின் கைநாட்டை வாங்கி அனுப்பியிருக்கிறாள். டிக்கெட் இன்னும் வரவில்லை. நாற்பது நிமிடம் உறுதி என்று எழுத்தில் வந்த பிறகுதான் கிளம்புவதாகப் பெரியம்மா சொல்லிவிட்டார்.

ஜெய் பீம்.